கார்டு நிறைந்த பிறகு

பயம் எனக்குப் பசி மாதிரி. வேளை தவறாமல் வந்துவிடும். வீடியோ கேமரா வாங்கிய நாளிலிருந்து வேளை பார்க்காமலும் வர ஆரம்பித்தது.

காரைக்காலில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யார் யாரோ எடுத்த கல்யாணங்களை ஆல்பமாக அடுக்குவதுதான் என் வேலை. அதில் பயமே கிடையாது. தப்பாகப் போனால் ஒரு பொத்தானை அமுக்கிப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் திருமலைராயன்பட்டினத்திலிருந்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பேச வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது ஒன்றுதான்: "பொம்பளைங்க பக்கம் எடுக்கப் பொம்பள யாராச்சும் இருக்காங்களா?" இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் "நான் வரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். வந்தவர்கள் எழுந்து போன பிறகுதான், என்னிடம் கேமரா இல்லை என்பதே உறைத்தது.

வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஹெச்.டி. வீடியோ கேமரா. கூடவே ஒரு தடித்த புத்தகம். உலகத்து மொழியெல்லாம் அதில் இருந்தது, தமிழைத் தவிர. கோவில்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பஸ் ஏறுகிறவர்களைப் படம் பிடித்துப் பழகினேன். காரைக்கால்மேட்டில் மீன் ஏலத்துக்குப் போய், கூட்டத்தில் ஒரு முகத்தைப் பிடிக்கப் பார்த்தேன். கேமராவோ அந்த முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்த காக்காயைத் துல்லியமாகக் காட்டியது. "மீனு வாங்க வந்தியா, எங்களப் புடிக்க வந்தியா?" என்று கூடைக்காரம்மா ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவிலேயே எடுத்துக்கொண்டு போனேன். அன்று எடுத்ததைப் பார்த்தால் கடலே ஆடிக்கொண்டிருந்தது.

டிவியில் போட்டுப் பார்த்தபோது இன்னொரு பயம் பிடித்தது. என் கணவர் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ குழியா என் மூஞ்சில?" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் இந்தச் சனியன் பார்க்கிறதே, கல்யாண வீட்டில் எதையெதைப் பார்த்து வைக்குமோ என்று நினைத்தபடியே டிவியை அணைத்தேன்.

கல்யாணத்துக்கு முன்தினம் பெண்ணின் அம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டு வரப் போனேன். நான் அவரை லாத்தா என்று கூப்பிட்டேன். பட்டினத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் சொல். அவர் கணவர் வளைகுடாவில் இருந்தார். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. லாத்தா தேநீர் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, உள்ள நாங்க முக்காடு இல்லாம இருப்போம், சிரிப்போம், பாடுவோம். எடுங்க, வேணாங்கல. ஆனா மண்டபத்த விட்டுப் போகயில படம் பதியிற அந்தக் கார்ட என் கையில குடுத்துடணும். நான் வெளிநாட்டுல இருக்கிற அவங்களுக்கு அனுப்பிக்குவேன். ஒங்ககிட்ட ஒண்ணும் தங்கக் கூடாது. வேற எந்த ஆம்பள கண்ணுலயும் படக் கூடாது. இது அமானிதம்."

நம்பி ஒப்படைத்த பொருள் என்று அதற்கு அர்த்தம். தலையை ஆட்டினேன். அந்த ஒரு வார்த்தைதான் அன்றிரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

கல்யாணத்தன்று பெண்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான் வெளி ஆள். மாப்பிள்ளை வருவதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று என்னையும் இழுத்து, சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி அவர்களோடு உட்கார வைத்தார்கள். ஒரே தட்டில் என் கையும் அவர்கள் கையும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள் என்று தெரிந்தும் ஒருத்தர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. அந்த அன்பு என் பயத்தை இன்னும் கூட்டியது.

அப்புறம் கருகமணி கட்டினார்கள். தாலி போல அவர்களுக்கு அது. கறுப்பு மணி கோத்த சரடு. மாப்பிள்ளையின் அக்கா கட்டினார். லாத்தா எதிரில் நின்று, வீடியோ காலில் இருந்த கணவருக்குப் பெண் தெரியும்படி போனைத் திருப்பிப் பிடித்திருந்தார். நான் பெண்ணுக்குப் பின்னால் நின்று லாத்தாவின் முகத்தை எடுத்தேன். தலையிலிருந்து முக்காடு நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை. முடிச்சு விழுந்ததும் போனைத் தன் பக்கம் திருப்பினார். திரை இருட்டாக இருந்தது. "டவர் போயிடுச்சு போல" என்றார்.

கிளம்பும்போது கார்டை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது, காற்று வாங்கிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து நான் அடுப்படியில் கறி வதக்கிக்கொண்டிருந்தேன். கார்டு வாங்கும் முன் கேமராவுக்குள்ளேயே எடுத்திருந்த மீன் ஏலத்தை மறுபடி பார்க்கலாம் என்று என் கணவர் கேமராவை டிவியில் மாட்டியிருக்கிறார். உள்ளேயிருந்து பெண்கள் குலவை போடும் சத்தம் கேட்டது. கரண்டியோடு ஓடினேன். டிவி முழுக்க லாத்தா, தலையில் முக்காடு இல்லாமல். என் கணவர் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் நெருப்பை மிதித்தவர் மாதிரி எழுந்து, செருப்புகூடப் போடாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

கார்டு நிறைந்துவிட்டால் இந்தக் கேமரா நிற்காது. தன் வயிற்றுக்குள்ளேயே தொடர்ந்து எழுதிக்கொள்ளும். கடைக்காரர் இதைப் பெரிய வசதியாகச் சொல்லியிருந்தார், நானும் மண்டையை ஆட்டியிருந்தேன். கார்டு ஏன் நிறைந்தது என்பதற்கும் காரணம் கிடைத்தது. நிறுத்திவிட்டதாக நினைத்து நான் சஹனில் சாப்பிட்ட நேரமெல்லாம் அது தரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அணைக்கப் போன கை அப்படியே நின்றது. லாத்தா பிடித்திருந்த போன் டிவியில் பெரிதாகத் தெரிந்தது. அதற்குள் அவர் கணவர். ஏதோ ஒரு வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். முடிச்சு விழுந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு கட்டை விரலால் தன் போன் கேமராவை மூடினார். டவர் எங்கேயும் போகவில்லை.

கறி அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அசைந்தேன்.

அழித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? அன்று மாலையே லாத்தா போன் செய்தார். "தங்கச்சி, கருகமணி கட்டுறது கார்டுல இல்லியே. அவங்க அதத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க." கார்டு நிறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. "நாளைக்கு வந்து சொல்றேன் லாத்தா" என்று வைத்துவிட்டேன். சொன்னால் இனி பட்டினத்தில் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால், பெண்ணின் கழுத்தில் கருகமணி ஏறியதை ஒரு அப்பா ஒரு காலமும் ஒழுங்காகப் பார்க்கப் போவதில்லை. என் கணவர் சோறு போட்டுக்கொண்டே, "நான் பாத்ததயும் சொல்லிடு. மறைக்காத" என்றார்.

திங்கட்கிழமை காலை கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கூடத்தில் லாத்தா தனியாக இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உட்கார்ந்தால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று பயம்.

"ஆம்பள பாத்தாங்களா?"

"எங்க வீட்டுக்காரரு. ஒரு நிமிஷம். முக்காடு இல்லாம உங்களப் பாத்துட்டாரு. வேணும்னு இல்ல லாத்தா. தெரிஞ்சதும் எழுந்து வெளிய போயிட்டாரு."

லாத்தாவின் முகம் சிவந்தது. "நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே. சொந்தக்காரங்ககிட்டகூட குடுக்கல, ஒங்கள நம்பித்தானே உள்ள விட்டேன்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. என் கண்ணில் தண்ணீர் முட்டியது. கேமராவை எடுத்து நீட்டினேன். "நீங்களே பாத்துட்டு அழிச்சிடுங்க."

சின்னத் திரையைத் திறந்து ஓட்டிக் காட்டினேன். தன்னைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு போனைப் பார்த்தார். "இது அவங்களா? பெருசாக்குங்க." பெரிதாக்கினேன். துண்டு வாய்க்குப் போகிற இடம் வந்தது. லாத்தா திரையை நோக்கிக் குனிந்தார்.

ஓடி முடிந்ததும் கேட்டார். "ஒங்க வீட்டுக்காரரு இதப் பாத்தாங்களா?"

"இல்ல லாத்தா. இதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

"நெசமாவா?"

என்னிடம் இருந்தது வாய்ச் சொல் மட்டும்தான். அதையும் ஒரு தடவை காப்பாற்றாமல் விட்டவள். "நெசமா" என்றேன்.

என்னையே பார்த்தார். பிறகு கேமராவை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "பொண்ணு கழுத்து தெரியிற எடத்த மட்டும் வெட்டிக் குடுங்க, அவங்களுக்கு அனுப்பணும். இது வேணாம். நான் பாத்தேன்னு தெரிஞ்சா இனிமே வீடியோ காலே எடுக்க மாட்டாங்க."

"சரி லாத்தா. இப்பவே அழிச்சிடவா?"

லாத்தா சின்னத் திரையைத் தன் பக்கம் திருப்பினார். "எத அமுக்குனா மொதல்லேர்ந்து வரும்?" என்று கேட்டார். காட்டினேன்.