கந்தசஷ்டியில் நண்டுக் கோது

சிசிலியாவின் வலது கையில் வெட்டுத் தழும்பு இல்லாதது சுண்டுவிரல் மட்டுமே. மற்ற விரல்களை ஊரவர் எறிந்த உடைந்த போத்தல்களும் தகரங்களும் ஊசிகளும் கிழித்திருக்கின்றன. குருநகர்க்காரி. பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரத்தோடு உடுவில் ஒழுங்கைகளுக்கு வருகிறவள். உக்குவது ஒரு பை, பிளாஸ்டிக் ஒரு பை, கண்ணாடியும் மிச்சமும் ஒரு பை. கலந்து கட்டிய பையை ஏற்றமாட்டாள். படலை வாசலில் சாக்கை விரித்துக் கொட்டி, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அதற்காக அவள்மேல் நாயை ஏவியவர்களும் உண்டு.

சென்ற கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள், என் வீட்டுக்கு எதிரே, பாலேஸ்வரியின் பிளாஸ்டிக் பை நாறியது. சிசிலியா கொட்டினாள். நண்டுக் கோதுகளும் ஒரு சாராயப் போத்தலும் விழுந்தன. விரத வீட்டில் மச்சச் சாப்பாடு. வாழையடியில் வெட்டிய குப்பைக் கிடங்கில் போட்டால் தாய் காண்பாள் என்று மகன் கோபிசங்கர் அதைப் பிளாஸ்டிக்கோடு ஒளித்திருந்தான்.

"ஆரடா இது?" என்றார் பாலேஸ்வரி.

"உவளைக் கேளுங்கோ," என்று மனைவியைக் காட்டினான்.

விரதம் இருந்து வாடிப்போயிருந்த மதுரா, "அப்ப சாராயமும் நானோ குடிச்சனான்?" என்றாள்.

சிசிலியா சிரித்துவிட்டாள்.

கோபிசங்கர் அந்தப் போத்தலை எடுத்து மதுராவின் தலையில் அடித்தான். போத்தல் உடைந்தது. அவள் கோதுகளின் மேல் விழுந்தாள். வகிட்டிலிருந்து இரத்தம் முகத்தை மூடியது. கையில் மிஞ்சிய போத்தல் கழுத்தோடு அவன் மறுபடி ஓங்கினான். சிசிலியா பை இழுக்கும் இரும்புக் கொளுவியை அவன் மணிக்கட்டில் மாட்டி இழுத்தாள். எலும்பு முறிந்தது என் படலைவரை கேட்டது. அவன் அவளுடைய வயிற்றில் உதைத்தான். அவள் விடவில்லை. கொளுவியைத் திருகி அவனை முழங்காலில் விழுத்தினாள்.

"போடு தம்பி. கண்ணாடி வேறை பை."

மகனின் கையைக் குப்பைக்காரி முறித்தாள் என்று பாலேஸ்வரி பொலிசில் முறையிட்டார். சபை சிசிலியாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான். இனி எல்லாம் மதுராவின் வாயில் இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மாமியார் குனிந்தார். "விழுந்தனான் எண்டு சொல்லு பிள்ளை. நாளைக்கும் அவனோடைதானே இருக்கப்போறாய்."

பொலிஸ் வந்தபோது மதுரா தலைத் தையலோடு எழுந்து உட்கார்ந்தாள். "நான் விழேல்லை. அவர் போத்தலாலை அடிச்சவர். அந்த அக்கா இழுத்திராட்டி அடுத்தது என்ரை கழுத்திலைதான்."

பார்த்ததை நானும் சொன்னேன். கோபிசங்கர் மறியலில் அடைபட்டுப் பிணையில் வந்தான். மதுரா கீரிமலைக்குத் தாய்வீடு போனாள், திரும்பவில்லை. சிசிலியா வேலைக்குத் திரும்பினாள்.

இப்போது உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் கோபிசங்கர் உள்ளே போய்விடுகிறான். பாலேஸ்வரி மூன்று பைகளையும் வரிசையாக வைக்கிறார். சிசிலியா ஒவ்வொன்றையும் சாக்கில் கொட்டுகிறாள்.

"எல்லாம் பிரிச்சுத்தானே வைச்சிருக்கிறன், பிள்ளை?"

"ஓம் அம்மா. கந்தசஷ்டியண்டும் பை முடிச்சு வடிவாத்தான் இருந்தது."