யாரும் வாங்காத குழாய்க் காசு

பேருந்தில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. தோள்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். பைக்குள் அப்பாவின் பதினொரு வெள்ளிக் காசுகள். அப்பா இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. மூன்று மணிக்கு வெள்ளி உருக்கும் பட்டறைக்கு வந்துவிடும்படி அண்ணன் சொல்லியிருந்தான்.

"பதினொண்ணை எப்படிடி ரெண்டாப் பிரிக்கிறது? உருக்கினா ஆளுக்குச் சரிபாதி. ஒரு மைக்ரான் குறையாது, உனக்கும் நிம்மதி."

தொழிற்சாலைகளின் அளவுக் கருவிகளை மைக்ரான்வரை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை, சரிபார்க்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. சேர்ந்த அன்றிலிருந்து அண்ணனுக்கு அவள் மைக்ரான்தான்.

"மூணு மணிக்குள்ள விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்" என்றாள்.

"காட்டு. குழாய்க் காசை முதல்ல காட்டு. அவர் சிரிச்சு முடிச்சதும் போன் பண்ணு."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடம் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு கம்பிவடங்களுக்குக் காது கொடுத்தவர். குடி, சீட்டு எதுவும் கிடையாது. நினைவு வெள்ளிக் காசு மேல்தான் பைத்தியம். ஏதாவது நூற்றாண்டு, ஏதாவது திறப்பு விழா என்று அரசு அடித்து, கண்ணாடி மெருகோடு பிளாஸ்டிக் கூட்டில் வைத்து விற்கும் காசு. அதைக் கொடுத்துக் கடையில் எதுவும் வாங்க முடியாது.

வெளியாகும் முதல் நாள் விற்பனைக் கவுண்டரில் கூட்டம் முண்டியடிக்கும். அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். விற்பனை முடிகிற கடைசி நாள், கிரீஸ் வாசனை போகாத சட்டையோடு போய் நிற்பார். "எது போகலை?" என்று கேட்பார். கவுண்டர்காரர் அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்: "வாங்க, கடைசி நாள்! இந்தத் தடவை எதுவுமே போகலை, சந்தோஷமா?"

விற்பனை முடிகிற வாரம் வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பாட்டின் நடுவே எழுந்து காலண்டரைப் பார்ப்பார். "எல்லார் வீட்டு பீரோலயும் இருக்கிற காசை யாரு யார்கிட்ட வாங்கப் போறாங்க?" என்பார். "எவ்வளவு அடிச்சாங்கன்னு பார்க்கக் கூடாது. எவ்வளவு வித்துச்சுன்னு பார்க்கணும். விக்காததை அவங்களே திரும்ப உருக்கிடுவாங்க. தப்பிச்சது எத்தனைங்கிறதுதான் விஷயம்."

அப்படித்தான் குழாய்க் காசு வந்தது. குடிநீர்த் துறையின் நூறாவது ஆண்டுக்காக அடித்தது. நடுவில் ஒரு குழாய், அதன் வாயில் ஒரு சொட்டு. அப்போது அம்மா இருந்தாள். காசைக் கையில் வாங்காமலேயே சொன்னாள்: "சமையலறைக் குழாய் ஒழுகுது, அதுக்கு ஒரு வாஷர் போட நேரமில்லை. ஐயா வெள்ளியில குழாய் வாங்கிட்டு வந்திருக்காரு." வீடே சிரித்தது. அண்ணன் சிரித்த சிரிப்பு பதினாலு வருடமாக ஓயவில்லை. அப்பா கோபப்படவில்லை. "இருக்கட்டும், பார்க்கலாம்" என்றார். பார்க்காமலேயே போய்விட்டார்.

அவளுக்கு விலை வேண்டாம். விஷயம் தெரிந்த ஒருவர் வாயால், அப்பா கணித்தது சரி என்று ஒரு வார்த்தை வரவேண்டும். அது வந்துவிட்டால் அண்ணனின் உருக்குப் பேச்சு அடங்கிவிடும். வராவிட்டால் மூன்று மணிக்குப் பதினொன்றும் உருகிவிடும்.

காசுக்கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. நாற்காலி போட்டார்கள். அவள் நின்றபடியே, "அப்பா சேர்த்தது" என்றாள். கடைக்காரர் பெரியவர், பேச்சுப் பிரியர். மேஜையில் வெல்வெட் துணி விரித்துப் பதினொன்றையும் வரிசையாக வைத்தார்.

"புதுக் காசும்மா. நூறுல தொண்ணூறு காசு வெறும் வெள்ளி விலைக்குத்தான் போகும், முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் என் கடையில அழக் கூடாது."

"அழமாட்டேன்."

"இது விளையாட்டுப் போட்டிக்கு அடிச்சது. பேப்பர்ல விளம்பரம் வந்த காசு, வீட்டுக்கு வீடு இருக்கும். ஆனா உங்க அப்பா இதுல ஒண்ணுதான் வாங்கியிருக்காரு, மனுஷன் உஷார். இது கப்பல். கப்பல் பைத்தியங்க உலகம் முழுக்க இருக்காங்க, காசு சேர்க்காதவன்கூட கப்பலுக்காக வாங்குவான். நல்லா வரும். இது பறவை, இதுவும் அப்படித்தான்…" சட்டென்று நிறுத்தினார். "அட! குழாய்!"

அவள் காலை மாற்றி ஊன்றினாள். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "இதை நான் நேர்ல பார்த்தே ஆறு வருஷம் ஆச்சும்மா. பத்தாயிரம் அடிச்சாங்க. நானூறுகூட விக்கலை. மிச்சத்தை உருக்கிட்டாங்க. குழாய் யாருக்கு வேணும்னு அன்னிக்கு நானே வாங்காம விட்டேன். இன்னிக்கு மூணு பேர் என்கிட்ட சொல்லி வெச்சிருக்காங்க. உங்க அப்பாவுக்குக் கண்ணு இல்ல, எக்ஸ்ரே."

வந்துவிட்டது, அந்த வார்த்தை. அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கி, காசை விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

"யாரும்மா இதைத் துடைச்சது?"

"அப்பா கூட்டைத் திறக்கவே மாட்டார்."

"துடைச்சிருக்காங்க. கண்ணாடிப் பரப்பு பூரா ஒரே திசையில மயிரிழைக் கீறல். பழசும் இல்லை, புதுசு. பாருங்க." லென்ஸை நீட்டினார்.

அவள் பார்த்தாள். இடமிருந்து வலம், ஒரே சீராக, ஒரே அழுத்தத்தில். பழகிய கையின் வேலை. அவளுடைய கை.

ஆய்வகத்தில் அளவு பார்க்கும் எஃகுக் கட்டையை எடுத்தால் முதலில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒரே திசையில், ஒரே இழுப்பாக. துடைக்காமல் அளந்தால் தப்பு. எட்டு வருடமாக, ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அப்பா போன மறுநாள் வீட்டில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பீரோவைத் திறந்தாள். குழாய்க் காசின் மேல் பால் சிந்தியதுபோல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கூட்டைத் திறந்தாள். பையில் ஸ்பிரிட் இருந்தது.

"நான்தான்" என்றாள். "வெள்ளையா ஒரு புள்ளி இருந்துச்சு. மூணு இழுப்பு."

"ஐயோ." கடைக்காரர் லென்ஸை இறக்கினார். "அந்தப் புள்ளி இருந்தாக்கூட பரவாயில்லையே தாயி."

"சரி பண்ண முடியுமா?"

"கறுத்தா போக்கலாம். கீறினது கீறினதுதான்." அவர் காசைக் கூட்டில் வைத்து மூடினார். "வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம் கிடைக்கும். அந்த மூணு பேர் எடுக்கமாட்டாங்க."

போன் அடித்தது. அண்ணன்.

"என்ன மைக்ரான், சிரிச்சு முடிச்சாரா?"

"அப்பா சொன்னது சரிண்ணா. நானூறுகூட விக்கலையாம். மூணு பேர் தேடுறாங்களாம்." ஒரே மூச்சில் சொன்னாள். "நான் அதைத் துடைச்சுட்டேன். கெடுத்துட்டேன். ஸ்பிரிட் போட்டு."

பட்டறைச் சத்தத்தை விட்டு அண்ணன் தள்ளி வருவது கேட்டது.

"அப்பா இருந்தா உன்னைத் தொலைச்சிருப்பாரு" என்றான் அண்ணன். சிரிப்பாகத்தான் தொடங்கினான். பாதியில் குரல் உடைந்தது. "சரி, வேணாம்னு பட்டறைக்காரர்கிட்ட சொல்லிடறேன். உருக்க வேணாம். நீ வீட்டுக்கு வா."

கடைக்காரர் ஒவ்வொரு கூட்டிலும் ஒட்ட ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். கப்பலுக்கு, பறவைக்கு, வரிசையாக. குழாய்க் காசின் சீட்டில் 'துடைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனார்.

"யார் துடைச்சதுன்னும் எழுதுங்க" என்றாள் அவள்.

"அதெல்லாம் யாரும் எழுதறதில்லைம்மா."

"எங்க ஆய்வகத்துல எழுதுவோம். எழுதுங்க. பின்னாடி பார்க்கிறவங்க அப்பா துடைச்சதா நினைச்சிடக் கூடாது."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பேனாவைத் திறந்து, அந்தச் சின்னச் சீட்டில் இருந்த இடத்துக்குள் இடுக்கி, 'மகள்' என்று சேர்த்தார்.