கையால் மிதிக்கிற கிளட்ச்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் ரம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். காதுபடவே கூப்பிடுவார்கள், அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார். பிடித்து வைத்துக்கொண்டு பேசியே ஆளை அறுக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் எனக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். விஷயம் வேறு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துவதற்கென்று ஒரு கொட்டகை கட்டினோம். கார் தெருவில் வெயிலில் கிடக்கிறது. கொட்டகைக்குள் இரும்பு அறுபடுகிறது.

பகலில் அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அறுத்து, ஓரம் தேய்த்து, பிரேமில் உட்கார வைப்பார். அதற்கு முன்னால் வந்தவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளப்பார். அதில் மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலிதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டீயை வாங்கிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போய்விடுவார். டீ ஆறி, ஆடை கட்டி, கடைசியில் என்னிடமே திரும்பி வரும். இருபது வருஷமாக அந்த மனுஷர் சூடான டீ குடித்து நான் பார்த்ததில்லை.

கொட்டகையில் ஒரு கனமான மேஜை, அதன் மூலையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ், சுவரில் நீளம் நீளமாக அரங்கள். மின்சாரத்தில் ஓடும் கட்டிங் மெஷினும் உண்டு. அதன் சக்கரம் இரும்பில் பட்டால் பொறி பறக்கும், தெருவே காதைப் பொத்திக்கொள்ளும், கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அவருக்கு அது பிடிக்காது. வேலை முடிந்துவிடுகிறதே, அதுதான் காரணம். அவருக்குக் கையால் அறுக்கிற ஆக்ஸா ரம்பம்தான் வேண்டும். தள்ளும்போது பல் இரும்பில் ஏறும், இழுக்கும்போது சும்மா வழுக்கிக்கொண்டு வரும். தள்ளும்போது ஒரு சத்தம், வரும்போது ஒரு சத்தம். கூரையில் பதித்த கண்ணாடித் தகடு வழியாக வெளிச்சம் சாய்வாக இறங்கும். அதில் இரும்புத் தூள் மிதக்கும். அவருடைய கண் பாதி மூடியிருக்கும். அந்த நேரத்தில் எந்த உலகத்தில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் இங்கேதான் என்பார். அது பொய். நானே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எங்கெங்கோ போய் வந்திருக்கிறேன். ஒருநாள் தண்ணீருக்குள் படுத்திருப்பது போலவும், யாரோ தலைக்கு மேலே துடுப்புப் போடுவது போலவும் இருந்தது. கண் விழித்தபோது காய்கறி பாதி நறுக்கியபடி இருந்தது.

அவர் கொட்டகையில் செய்வதெல்லாம் தோட்டத்தில் ஓட்டுகிற சின்ன டிராக்டர்களுக்கு வேண்டிய மாற்றங்கள். கம்பெனியில் எல்லா வண்டியையும் ஒரே அச்சில் வார்த்து அனுப்புகிறார்கள், ஆட்களை அப்படி அனுப்புவதில்லையே என்பார். ஏற முடியாதவருக்குப் படி வைத்தார். தொப்பைக்காரர் ஒருவருக்கு ஸ்டீயரிங் தண்டை அறுத்து உயர்த்திக் கொடுத்தார். தொப்பையைக் குறைப்பதைவிட இது சுலபம் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை, தொப்பைக்காரர் ரசித்தார். யார் வந்தாலும் முதலில் அவரை வண்டியில் உட்கார வைத்து அளவெடுத்துவிட்டுத்தான் இரும்பில் கை வைப்பார். அளக்காமல் அவர் செய்தது ஒரே ஒரு வண்டிக்குத்தான். அது அவருடைய அக்காவின் வண்டி.

அக்கா எனக்கு நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஊருக்கு வெளியே சரிவான நிலத்தில் நாற்றும் மரக்கன்றும் வளர்த்து விற்கிறார். தொட்டிகளையும் மண் மூட்டைகளையும் இழுப்பதற்கு ஒரு சின்ன டிராக்டர், அதன் பின்னால் ஒரு இழுவைப் பெட்டி. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். என் கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் தம்பியைவிட ஒரு தலை உயரமாக நிற்பார். உயரம் என்றால் அப்படி ஓர் உயரம். வாசலில் குனிந்துதான் வருவார். எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம்கூட இருந்தது.

போன வருஷம் அண்ணிக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. நடக்க முடிகிறது, ஆனால் இடது காலை அழுத்தி ஊன்றக் கூடாது. கிளட்சை இடது காலால்தான் மிதிக்க வேண்டும். வண்டி தோட்டத்துக் கொட்டிலில் நின்றுபோயிற்று. அண்ணி தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் சுமந்து பார்த்தார், படுத்துவிட்டார். பக்கத்து நிலத்தில் லாரி வைத்திருக்கும் ஒருவர், நல்ல மனிதர், வண்டிகளை நிறுத்த அந்த இடத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அண்ணி தம்பியை வரவழைத்து வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

"வண்டி என் பேச்சைக் கேட்டா தோட்டம் என்கிட்ட இருக்கும். இல்லன்னா கையெழுத்துப் போட்டுட்டு மக வீட்டுக்குப் போயிடறேன். சுமந்து சுமந்து செத்துப் போக எனக்கு ஆசையில்லடா."

மகள் வீடு பத்தாவது மாடியில். அங்கே ஜன்னலில் ஒரு செடி வைக்கவும் இடமில்லை. இவர் தலையாட்டிவிட்டு வந்தார். வண்டி கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

செய்ய வேண்டியது என்னவோ எளிதுதான். கிளட்ச் மிதியின் தண்டோடு ஒரு இரும்புப் பட்டையைச் சேர்த்து, ஸ்டீயரிங்குக்கு இடது பக்கமாக மேலே கொண்டு வர வேண்டும். அதைக் கையால் முன்னால் தள்ளினால் கீழே மிதி அழுந்தும். பட்டை நீளமாக இருந்தால் தள்ளுவது லேசு, ஆனால் கை ரொம்ப தூரம் போக வேண்டும். குட்டையாக இருந்தால் கை போகும் தூரம் குறைவு, பலம் அதிகம் வேண்டும். அக்கா கை வலிக்கக் கூடாது என்று இவர் நீளத்தைத் தேர்ந்தெடுத்தார். அக்காவின் கைக்கு எட்டாத தூரமா என்று அவருக்குள் கணக்கு.

ஒருநாள் டீ எடுத்துக்கொண்டு போனபோது அவர் டிராக்டரின் சீட்டில் எங்கள் வீட்டுத் தலையணையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. இடது கை முன்னால் நீட்டி, காற்றில் எதையோ பிடித்திருந்தது. முகத்தில் அப்படியொரு சாந்தம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அக்கா தன்னைவிட உயரமாம், அதற்காகத் தலையணை. கை தன் கையைவிட நாலு விரல் நீளமாம், அதையும் சேர்த்துக்கொண்டாராம்.

அண்ணியை ஒருதடவை கூட்டிவந்து உட்கார வைத்துப் பார்த்துவிடலாமே என்றேன். வழக்கமாகக் கோபம் வராத மனுஷருக்குக் கோபம் வந்தது.

"எங்கக்கா அளவு எனக்குத் தெரியாதா?"

எனக்கும் வந்தது கோபம். எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று டீயை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க ஆக்ஸா சத்தம் எப்போதையும்விட மெதுவாக, ஆசையாக வந்துகொண்டிருந்தது. பட்டையின் ஓரங்களை அரத்தால் மழுக்கி, உள்ளங்கைக்கு உறுத்தாமல் வழவழப்பாக்கி, நுனியில் மரப்பிடி கடைந்து மாட்டினார். நான் கோபத்தை மறந்து அதைத் தடவிப் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. பிடி கையில் பட்டதும் யாரோ நம் கையைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தோட்டத்துக்குக் கொண்டு போனோம். ஏற்றிப் போனது அந்த லாரிக்காரரின் லாரிதான். நிலம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிந்துகொள்ள எப்படியும் வர வேண்டும், அப்படியே ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றார். இவர் வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், ஆக்ஸா என்று கொட்டகையில் பாதியைக் காரில் அடைத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. எனக்கு உட்கார இடமில்லை, அரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

தோட்டம் காலை வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அண்ணி கொட்டில் வாசலில் காத்திருந்தார். இவர் புதிதாக வைத்திருந்த படியில் வலது காலை வைத்து, கைப்பிடியைப் பற்றி ஏறி உட்கார்ந்தார். ஏறியதிலேயே இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இஞ்சின் ஓடத் தொடங்கியது. அண்ணி மரப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். கை நீண்டது, நீண்டு நேராகிவிட்டது. தோள் முன்னால் வந்தது. முதுகு சீட்டை விட்டு எழும்பியது. பட்டை இன்னும் ஒரு சாண் போக வேண்டும். அண்ணி வலது கையால் கியரைத் தட்டினார். கர்ரென்று பல்லோடு பல் மோதியது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் கர்ரென்றது. லாரிக்காரர் எங்கள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

இவர் சீட்டு பின்னால் தள்ளியிருக்கிறது என்றார். குனிந்து போல்ட்டைப் பார்த்தார். சீட்டு ஏற்கெனவே முன்பக்கக் கடைசித் துளையில்தான் இருந்தது. கிரீஸ் காய்ந்திருக்கும் என்றார். கால் வைக்கிற பலகை சரியில்லை என்றார். இன்னும் கொஞ்சம் எட்டிப் பாருக்கா என்று கெஞ்சலாகச் சொன்னார். அண்ணியின் பாதம் பலகையில் முழுதாகப் பதியவில்லை, விரல் நுனிதான் தொட்டுக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். இவர் அதைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி இஞ்சினை அணைத்தார்.

"சீட்டைத் திட்டாதடா. நான்தான் சின்னதாயிட்டேன். முதுகு வளைஞ்சு, கை சூம்பி, பாதி ஆள் ஆயிட்டேன். நீ எனக்கு இதைச் செய்யல. உன்னை இடுப்புல தூக்கிட்டு நடந்தாளே, அவளுக்குச் செஞ்சிருக்க."

இவர் கை மறுபடியும் சீட்டு போல்ட்டுக்குப் போயிற்று.

"இப்ப சொல்லு. இறங்கட்டுமா, இல்ல எனக்கு அளவெடுக்கிறியா?"

இவர் நிமிர்ந்தார். தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பப்பட்டவர் மாதிரி கண்ணைக் கண்ணைச் சிமிட்டினார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, வண்டிக்குப் பக்கத்தில் போய், கடையில் கண்ணாடி போட வருகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"சாதாரணமா உட்காருங்க. நேரா பாருங்க."

அக்காவை அவர் வாங்க போங்க என்று பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. சொன்னபடி நேராகப் பார்த்து உட்கார்ந்தார். இவர் அண்ணியின் தோளிலிருந்து உள்ளங்கைவரை டேப்பை வைத்தார். முழங்கை மடிந்தால் எவ்வளவு, நீண்டால் எவ்வளவு என்று பார்த்தார். சாக்பீஸால் மட்கார்டில் குறித்தார். எண் தப்பாக விழுந்ததுபோல அழித்துவிட்டு மறுபடியும் அளந்தார். அதே எண்தான் வந்தது.

பட்டையைக் கழற்றி, நடுவில் அறுத்து, மேல்பாதியைச் சீட்டுப் பக்கமாகச் சாய்த்து வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். பிடி அண்ணியின் கைக்கு அருகே வந்துவிடும், தள்ளுவதும் கனக்காது. கட்டிங் மெஷின் காலடியிலேயே இருந்தது. அவர் ஆக்ஸாவைத்தான் எடுத்தார். கவ்விப் பிடிக்க வைஸ் இல்லை. லாரிக்காரர் கேட்காமலே வந்து பட்டையை ஒரு கல்லின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தனக்கு வர வேண்டிய நிலம் கையை விட்டுப் போவதற்கு அவரே பிடித்துக்கொடுத்தார். மனுஷர்கள் சில நேரம் இப்படியும் இருக்கிறார்கள்.

தள்ளும்போது ஒரு சத்தம், வரும்போது ஒரு சத்தம். நாற்றுகளுக்கு மேலே, சரிவு முழுக்க அது பரவிக்கொண்டே போயிற்று. கொட்டகைக்குள் கேட்டே பழகிய எனக்கு அது வானத்தின் கீழே வேறு மாதிரி இருந்தது. இலையெல்லாம் மூச்சு விடுவது போலிருந்தது. அண்ணி சீட்டிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். இவர் மட்டும் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அறுத்தார். ஒருதடவைகூடப் பாதி மூடவில்லை.

கொட்டிலிலிருந்து மின்சாரம் இழுத்து ஒட்டி, பூவாளித் தண்ணீரை ஊற்றிச் சுரீரென்று ஆற்றி, பட்டையை மாட்டினார். பெயிண்ட் கருகி, ஒட்டிய இடம் வீங்கி, அவ்வளவு அழகாக இருந்தது இப்போது அவலட்சணமாக இருந்தது. அண்ணியை எழுப்பினோம். பிடியைத் தள்ளினார். கை முழுதாக நீளுவதற்கு முன்பே பட்டை கடைசிவரை போய்விட்டது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பிடியை மெதுவாக விட்டதும் வண்டி நகர்ந்தது.

லாரிக்காரர் கையிலிருந்த இரும்புத் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஏற்றி இறக்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நிலத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. இவர் மட்கார்டில் கை வைத்தபடி வண்டியோடு கூடவே ஓடினார்.

"கைய எடுடா. கால்ல ஏறிடப் போகுது."

எடுத்தார். அண்ணி திரும்பிப் பார்க்காமல் நாற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். இவர் அந்த இடத்திலேயே நின்று அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன். வண்டி சரிவில் இறங்க இறங்க, ஸ்டீயரிங்குக்கு மேலே அண்ணியின் தலை மட்டும்தான் தெரிந்தது.

"அக்கா எப்ப இவ்ளோ சின்னவளா ஆனா?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளாச்சுங்க" என்றேன்.