எருக்கங்கொப்பு ஊன்றிய இடம்

எருக்கங்கொப்பு என்றால் துண்டு என்று நினைத்திருந்தேன். இப்படி மொட்டையாகச் சொன்னால் புரியாது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக உள்ளே துண்டைப் போடுவோம். துண்டு விழுந்த இருக்கை துண்டுக்காரருக்கு. அதே மாதிரிதான் கண்மாய்க் கரையிலும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். யாராவது எருக்கஞ்செடியில் ஒரு கொப்பை ஒடித்துக் கரையோரம் ஊன்றினால், மீன் நிறையக் கிடக்கிற இடத்தைத் தனக்கென்று பிடித்து வைக்கிறார் என்று மூன்று வருடம் முழுசாக நம்பினேன். ஒருவரிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் நான் பஞ்சாலை ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடுமே.

இந்த நம்பிக்கையால் ஒரு கார்த்திகை மாத நண்பகலில் நான் சாகப் பார்த்தேன். குறைந்தபட்சம், அப்படித்தான் அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மனைவியின் அண்ணன், என் மச்சான், சுந்தரபாண்டியத்தில் விவசாயம் பார்த்தார். வெள்ளிக்கிழமை எனக்கு வார விடுமுறை. மாமியார் வீட்டுச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறுவேன். சாப்பாடு முடிந்ததும் மச்சான் தூண்டில் கம்புகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நிற்பார். ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்தவர் எங்களோடு சேர்ந்துகொள்வார். இன்னும் நாலைந்து பேர் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே பைத்தியம்: விரால்.

நான் எதையும் கிண்டலடிக்கிற ஆள். துக்க வீட்டிலேயே அடக்கிக்கொள்ளக் கஷ்டப்படுவேன். ஆனால் அந்தக் கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் எனக்கே பேச்சு நின்றுவிடும். பிளவக்கல் அணைப் பக்கம் மழை பிடித்தால் இரண்டே நாளில் கண்மாய் பெருகிவிடும். மேற்கே நிற்கிற மலை முழுசும் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கியிருக்கும். அதன் உச்சியில் தாமரை இலைகள் மிதக்கும். ஒரு நாரை மேகத்தை மிதித்துக்கொண்டு நடந்து போகும். அதற்கெல்லாம் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், விரால் கிடக்கும்.

மற்ற மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு வாங்கும். விராலுக்கு அது போதாது. அவ்வப்போது மேலே வந்து, நம்மைப் போலக் காற்றை ஒரு வாய் வாங்கிக்கொண்டு போகும். அந்த ஒரு கணம்தான் அது முகம் காட்டும். பாம்பின் தலை, எண்ணெய் தடவிய கருங்கல் மாதிரி முதுகு. அப்புறம் ஒரு வளையம் மட்டும் விரிந்து விரிந்து கரைக்கு வரும். அந்த வளையத்தைப் பார்த்தே மச்சான் சொல்வார், "ரெண்டு கிலோ இருக்கும் மாப்ளே. கெழக்க பாத்துப் போகுது."

சின்னத் தவளையின் முதுகுத் தோலில் தூண்டில் முள்ளை ஏற்றி, நீள மூங்கில் கம்பால் இலைக்கு இலை அதைத் தத்த விடுவார்கள். முதல் இலை, இரண்டாவது இலை, ஒன்றும் இருக்காது. மூன்றாவது இலைக்கு அடியிலிருந்து 'டொபக்' என்று ஒரு சத்தம் வரும். இலை இருந்த இடத்தில் குழி விழுந்திருக்கும், தவளை போயிருக்கும். உடனே இழுக்கக்கூடாது என்பதுதான் அங்கே பாடம். கவ்விய விரால் திரும்பி விழுங்கும்வரை, மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார்கள். நான் மூன்று வருடத்தில் இரண்டைத் தாண்டி எண்ணியதில்லை. ஆகவே மூன்று வருடத்தில் ஒரு விரால்கூடப் பிடித்ததில்லை.

"கெண்டை கடிச்சா தக்கை ஆடும் அண்ணாச்சி," என்பார் பஞ்சர் கடைக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கிண்டலுக்காகவே என்னை அண்ணாச்சி ஆக்கியிருந்தார். "விரால் கடிச்சா நம்ம ஆடுவோம். நீங்க கடிக்கிறதுக்கு முன்னாடியே ஆடுதீக."

பிளவக்கல் அணையில் இதைவிடப் பெரிய மீன் உண்டே, அங்கே ஏன் போவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். மச்சான் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அணைல கெடக்குற மீனுக்கு நம்ம யாருன்னே தெரியாது மாப்ளே. இது அப்படி இல்ல. நம்ம கரையேறுன நேரத்துல இருந்து நம்மளப் பாத்துக்கிட்டே கெடக்கும்."

தாமரைக்கும் சம்புக் கோரைக்கும் நடுவே ஒரு மூலை. அங்கேதான் அந்தக் கார்த்திகையில் எருக்கங்கொப்பு ஊன்றியிருந்தது. ஊன்றியது பஞ்சர் கடைக்காரர், நானே பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் கம்பை நீட்டவில்லை. அவரும் நீட்டவில்லை. அந்த மூலையில் மட்டும் தண்ணீர் ஓயாமல் அலம்பிக்கொண்டே இருந்தது. இடத்தையும் பிடித்துவிட்டு மீனையும் பிடிக்காமல் வைத்திருக்கிறாரே என்று எனக்கு வயிறெரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். வயிறெரிச்சலும் ஒருவகை வயிற்றுவலிதானே. பதினொரு மணிக்குக் கண்மாயில் இறங்கினேன். கரையில் ஒரு ஆள் இல்லை. கொப்பைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வீசினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தவளை குத்திய தூண்டில் கம்போடு முழங்கால் தண்ணீரில் போய் நின்றேன்.

எட்டடி தூரத்தில் தண்ணீர் சிவப்பாக இருந்தது. ஒரு முறம் அகலத்துக்கு யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. அந்தக் குங்குமம் கொதித்தது, சுருங்கியது, விரிந்தது, மெல்ல நகர்ந்தது. அழகாக இருந்தது என்பதும், இது என்ன என்று யோசித்திருக்க வேண்டும் என்பதும் இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, ஏதோ பூச்சி, இதைத் தின்னத்தான் விரால் வரும் என்று கண்டுபிடித்து, தவளையை நேராக அதன் நடுவில் இறக்கினேன்.

'டொபக்.'

ஒன்றுகூட எண்ணவில்லை. இழுத்துவிட்டேன். முள் காலியாக வந்து என் காதோரம் பறந்தது. சிவப்பு நாலாபக்கமும் சிதறியது. ஆசையில் இன்னும் ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன். உலக்கையால் இடித்தது போல இடது கெண்டைக்காலில் ஒன்று விழுந்தது. கலங்கிய தண்ணீரில், என் மணிக்கட்டைவிடப் பருமனாக, பாம்புத் தலையோடு ஒன்று திரும்பிப் போனது.

கம்பை விட்டேன், ஒரு செருப்பை விட்டேன், மானத்தையும் விட்டேன். கரையேறிப் பார்த்தால் காலில் ரத்தம். தோளில் கிடந்த துண்டை முழங்காலுக்குக் கீழே, கை வலிக்க வலிக்க இறுக்கிக் கட்டினேன். ரோட்டுக்கு ஓடினேன். பஞ்சர் கடையில் மச்சான் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட வந்து உட்கார்ந்திருந்தார்.

"பாம்பு," என்றேன்.

இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். "எங்க நின்னீக மாப்ளே?"

சாகப்போகிற மனிதனுக்கும் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. பஞ்சர் கடைக்காரர் பிடித்து வைத்த இடத்தைத் திருடப் போனேன் என்று அவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது. "மடைப் பக்கம்," என்றேன்.

மச்சானின் முகம் வெளிறியது. "மடைக் கல்லிடுக்குலயா? போன வாரம்கூட அங்க நல்ல பாம்பு கெடந்துச்சே."

பொய் சொல்லும்போது பாம்பில்லாத இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். என் நேரம்.

பஞ்சர் கடைக்காரரின் மொபெட்டில் மூன்று பேரும் ஏறினோம். முன்னால் அவர், பின்னால் மச்சான், நடுவில் சட்னி மாதிரி நான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

"தூங்கிராதீக," என்று மச்சான் என் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தார். "எதையாவது பேசுங்க."

"மச்சான், கண்ணு மங்குது."

"கண்ணாடி பூராம் சேறா இருக்கு. கழத்துங்க."

"கால் மரத்துப்போச்சு."

"துண்ட இந்த இறுக்கு இறுக்கினா மரக்காம என்ன செய்யும்," என்றார் முன்னால் இருந்தவர். குரலில் கிண்டல் இருந்தது. ஆனால் ஆக்ஸிலேட்டரை விடவில்லை.

"நாக்கு தடிச்சிருச்சு."

"பேச்சு நல்லாத்தான வருது அண்ணாச்சி."

எதுவும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. மரண பயம் வந்தால் மனிதனுக்குக் கடவுள் ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு என் மனைவிதான் ஞாபகத்துக்கு வந்தாள். வயிற்றுவலி என்று லீவு போட்டவன் கண்மாயில் என்ன செய்தான் என்று அவள் கேட்கிற முகம். தூரத்தில் கோயில் கோபுரம் தெரிந்தது. உயிரோடு இருந்தால் அடுத்த வெள்ளியிலிருந்து தூண்டிலைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். கோபுரம் நெருங்க நெருங்க, அடுத்த வெள்ளிக்குப் பதிலாக அதற்கடுத்த வெள்ளி என்று மாற்றிக்கொண்டேன். பால்கோவாக் கடை வாசனை அடித்தபோதுதான் நெஞ்சு உடைந்தது. இத்தனையையும் விட்டுவிட்டுப் போகிறேனே, அதுவும் பொய்யோடு போகிறேனே என்று.

"மச்சான்," என்றேன். "மடைப் பக்கம் இல்ல. எருக்கங்கொப்பு ஊனியிருந்த எடம். கொப்பப் பிடுங்கிட்டு எறங்கினேன்."

மொபெட் ரோட்டோரம் ஒதுங்கி நின்றது. மச்சான் குனிந்து துண்டை அவிழ்த்தார். எச்சில் தொட்டு ரத்தத்தைத் துடைத்தார். இரண்டு பல் தடம் இல்லை. பிறை மாதிரி வளைந்து, ஊசியால் குத்தின பொடிப் பொடிப் புள்ளிகள், மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை.

"விரால் குஞ்சு கெடக்குன்னுதான அத ஊனிருக்கு," என்றார் பஞ்சர் கடைக்காரர், கோபமில்லாமல், அதிசயப்பட்டு. "குஞ்சு செவப்பு மாறிக் கலையுற வரைக்கும் அங்கன யாரும் தூண்டி போடமாட்டோம். மூணு வருசமா வாரீக, இது தெரியாதா?"

"தாயும் தகப்பனும் அடியிலயே கெடக்கும்," என்றார் மச்சான். அதற்குப் பிறகு என் காலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "முள்ளு அது வாயில பட்டுச்சா?"

என்னைப் பாம்பு கடித்ததென்று சொன்னபோது அவர் முகம் எப்படி வெளிறியதோ அப்படியே இருந்தது இப்போதும். தெரியவில்லை என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார். காவலுக்குக் கிடக்கிற மீன் முள் பட்டு ஒதுங்கிப் போய்விட்டால், கெளுத்தியும் கொக்கும் சேர்ந்து சாயங்காலத்துக்குள் அத்தனை குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். ஒன்று மிஞ்சாது.

அதுவரை என் உயிருக்காகப் பயந்துகொண்டிருந்த நான், அதே பயத்தைச் சிந்தாமல் சிதறாமல் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டேன். பயப்படுவதில் மட்டும் எனக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன கடித்தது என்று கேட்ட நர்ஸம்மாவிடம் "மீன்" என்று சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் எழுதுவதை நிறுத்தி, "நீங்க மீனக் கடிச்சீங்களா, மீன் உங்களக் கடிச்சதா?" என்று கேட்டுவிட்டுக் காயத்தைக் கழுவி, ஒரு ஊசியும் போட்டு அனுப்பினார்.

மூன்று மணிக்குக் கண்மாய்க் கரையில் ஏறினோம். மச்சான் என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மூலையில் தண்ணீர் வெறுமையாக இருந்தது. மலையின் நிழல் மட்டும் கிடந்தது. ஒரு கொக்கு சம்போரம் வந்து நின்று கழுத்தை நீட்டியது. நான் பத்து எண்ணினேன். பத்தைத் தாண்டி நூறு வரைக்கும் எண்ணினேன். முதல்முறையாக.

தாமரை இலைக்கு அப்பால் ஒரு சிவப்பு தெரிந்தது. முதலில் உள்ளங்கையளவு. அதோடு இன்னொன்று வந்து சேர்ந்தது, இன்னொன்று. சிதறிப்போனதெல்லாம் ஒன்றுகூடி, பழையபடி ஒரு முறம் அகலத்துக்குக் கொதிக்க ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி நீளம், காற்று வாங்க மேலே வருவதும் இறங்குவதுமாக. கொக்கு ஓரடி எடுத்து வைத்தது. சிவப்புக்கு அடியிலிருந்து கரிய முதுகு ஒன்று கிளம்பி நேராகக் கொக்கின் காலைப் பார்த்துப் போனது. கொக்கு பறந்துவிட்டது. அந்த முதுகு திரும்பி வந்து, குஞ்சுகளுக்கு நடுவே மெல்ல மேலேறி, வாயைத் திறந்து ஒரு வாய்க் காற்றை வாங்கியது. அதன் மேலுதடு கிழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் இரண்டாவது தலை வந்தது. இரண்டும் சேர்ந்து கீழே போயின.

மச்சான் கைகூப்பவில்லை, ஆனால் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பஞ்சர் கடைக்காரர் நான் வீசியிருந்த எருக்கங்கொப்பைத் தேடி எடுத்துப் பழைய இடத்திலேயே ஊன்றினார்.

அன்றைக்கு என்னைப் பாம்பு கடிக்கவில்லை. குஞ்சு காத்த விரால் ஒன்று, வாயில் என் முள் கிழித்த காயத்தோடு, எழுபது கிலோ ஆளை முழங்கால் தண்ணீரில் ஒரு தடவை கடித்துத் துரத்திவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனது.