சத்தம் போட்டவர் பெயர் சொல்ல வேண்டும்

இது நடந்ததா, கட்டுக்கதையா என்று கேட்பவர்களிடம் ஜெகதீசன் வாதாடுவதில்லை. ரெக்கார்டரை எடுத்து மேசைமேல் வைப்பான். "கேட்டுட்டு சொல்லுங்க" என்பான். இதுவரை இரண்டு பேர் முழுதாகக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேருமே அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாரத்தில் ஆறு நாள் அவன் அம்பத்தூரில் ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேய் தேடுகிறவன். எலுமிச்சம்பழம், உடுக்கை எல்லாம் கிடையாது. டெஸ்டர், டார்ச், ரெக்கார்டர், முதலுதவிப் பெட்டி, அவ்வளவுதான். இடத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கால் வைக்க மாட்டான். கூட வருகிறவர்கள் யாரும் தனியாக ஓர் அறைக்குள் போகக் கூடாது. இதுவரை பதினோரு இடம் பார்த்தாயிற்று. பதினொன்றிலும் எலி, ஒயரிங், தண்ணீர்க் குழாய். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

போன ஆடி மாதம் திருமழிசை எஸ்டேட்டிலிருந்து நாகவல்லி கூப்பிட்டார். பிளாஸ்டிக் மூடி பேக்கிங் செய்யும் சின்ன கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். அங்கே பின்பக்க ஸ்டோர் ரூமில் மதியம் மூன்று மணிக்கு மேல் தட்டுகிற சத்தம். எட்டுப் பெண்கள் உள்ளே போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமை முதல் அங்கே உட்கார்ந்து வேலை செய்ய மாட்டேன் என்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

"எட்டு ஊட்டு அடுப்பு தம்பி. ஒண்ணுமில்லன்னு நீ எழுதிக் குடுத்தா உள்ள போயிடுவாளுங்க. ஆனா முன்னாடியே உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"கதை வேணாம்க்கா. பாத்து முடிச்சப்புறம் சொல்லுங்க."

அதுவும் அவன் விதிதான். கதையை முதலில் கேட்டுவிட்டால் காது அதையே தேடும் என்பான்.

ஞாயிறு, மதியம் 2.40. ஜெகதீசன், அவன் நண்பன் வினோத், ரெக்கார்டிங் பார்க்கும் காவ்யா. நாகவல்லி சாவியைக் கொடுத்துவிட்டு கேட்டிலேயே நின்றுவிட்டார். மெயின் சுவிட்சை அணைத்தார்கள். ரெக்கார்டரைத் தரையில் வைத்தார்கள். ஜெகதீசன் வழக்கம்போல ஸ்டோர் ரூம் நடுவில் நின்று உரக்கச் சொன்னான்.

"இந்த ரூம்ல யார் சத்தம் பண்ணாலும் சரி, இன்னா சத்தம், யாருன்னு உடனே சொல்லணும்."

இருமினால் 'இருமல், வினோத்'. பை உரசினால் 'பை, காவ்யா'. பிறகு ரெக்கார்டிங்கைக் கேட்கும்போது தங்கள் சத்தத்தையே பேய் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக.

3.12.

டக்... டக்... டக்.

யாரும் பெயர் சொல்லவில்லை.

"மாமே, கீழேர்ந்து வருது," என்றான் வினோத், மெதுவாக.

ஜெகதீசன் மேலே டார்ச் அடித்தான். பழைய எக்ஸாஸ்ட் ஃபேன். இறக்கை லூசாகி இருந்தது. விரலால் தள்ளினான். இறக்கை சட்டத்தில் இடித்தது. டக்.

"ஆடிக் காத்துடா. தகரத்துல எறங்கி கீழ கேக்குது."

ஜன்னலில் கட்டியிருந்த பாலிதீன் கவர் அசையவே இல்லை. அதை அவனும் பார்த்தான். பார்த்தும் விட்டுவிட்டான்.

"மூணு மூணா தட்டுதுண்ணா," என்றாள் காவ்யா. "காத்துக்கு எண்ணத் தெரியுமா?"

அவன் சிரித்துக்கொண்டே இறக்கையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினான். சத்தம் நின்றது. மணி 3.25.

ஆளில்லாத அறையில் இன்னும் பத்து நிமிடம் ரெக்கார்டர் ஓட வேண்டும் என்பது விதி. அதை உள்ளேயே விட்டுப் பூட்டிவிட்டு மூவரும் கேட்டுக்கு வந்தார்கள். முழுவதையும் கேட்ட பிறகுதான் அறிக்கை எழுத வேண்டும் என்பதும் விதி. ஆனால் நாகவல்லியின் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது. விடிந்தால் திங்கட்கிழமை. காரணம்தான் கிடைத்துவிட்டதே! பைக் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினான். 'சத்தத்துக்குக் காரணம்: எக்ஸாஸ்ட் ஃபேன். பயப்பட ஒன்றுமில்லை.'

படித்ததும் நாகவல்லியின் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி..."

வெயில் என்று நினைத்துக்கொண்டான். சொல்ல வந்த கதையைக் கேட்கவும் மறந்துபோனான்.

திங்கள், மதியம் 2.50. எடுத்துப்போன ரெக்கார்டிங்கை அனுப்பிவிட்டு காவ்யா போன் செய்தாள்.

"அண்ணா, 3.31லேர்ந்து கேளுங்க. ஹெட்போன் போட்டுக்குங்க."

கேட்டான்.

டக்... டக்... டக்.

கட்டிப்போட்ட ஃபேன். பூட்டிய அறை.

அப்புறம் ஒரு மூச்சு... இழுத்து இழுத்து... ரெக்கார்டருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக.

"கொக்கி... துலுக்கானம்."

டக்... டக்... டக்.

"கொக்கி... துலுக்கானம்."

நான்கு நிமிடத்தில் பதினோரு முறை. ஒரு முறைகூடத் தவறாமல், அவன் சொன்ன விதிப்படியே.

நாகவல்லிக்குப் போன் போட்டான். மணி 3.09.

"துலுக்கானம் யாருக்கா?"

"லோடுமேன் தம்பி. ரெண்டு வருசம் ஆவுது. மதியம் மூணு மணிக்கு மேல ஸ்டோர்ல ரேக் சாஞ்சி மேல வுழுந்துடுச்சி. கத்த முடியல. கையில மூட்டை தூக்குற கொக்கி இருந்துச்சி. அதால தரையில தட்டிக்கினே இருந்துக்கிறான். அஞ்சரைக்குதான் நாங்க பாத்தோம். அஞ்சு மணி வரைக்கும் உசுரு இருந்துக்கீதுன்னாரு டாக்டரு."

"யாருக்கும் கேக்கலியா?"

"கேட்டுச்சி. எல்லாருக்கும் கேட்டுச்சி. இன்னாக்கா சத்தம்னு பொண்ணுங்க கேட்டாளுங்க..." குரல் உடைந்தது. "எக்ஸாஸ்ட் ஃபேன்டி, வேலையப் பாருங்கன்னு நான்தான் தம்பி சொன்னேன்."

ஜெகதீசன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

போனுக்குப் பின்னால் பெண்களின் பேச்சு. மூடிகளைக் கொட்டும் சத்தம்.

உள்ளேதான் இருக்கிறார்கள். எட்டுப் பேரும்.

3.12.

டக்... டக்... டக்.

பேச்சு நின்றது.

"பயப்படாதீங்கடி," என்றாள் ஒருத்தி. "ஃபேன்தான். ரிப்போர்ட்ல எழுதி கதவுல ஒட்டிக்கீதே, பாக்கல?"