பனியில் பூசிய வார்னிஷ்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில் ஒரு பஸ் கட்டப்பட்டது. நீளம் இரண்டு அடி. நிஜ பஸ்ஸின் ஓர் அடிக்கு இதில் ஓர் அங்குலம். குமிழ மரத்தில் உடம்பு, பிஸ்கட் தகரத்தில் மட்கார்டு, உள்ளே விரல் நீளத்துக்கு வரிசையாகச் சீட்டுகள். டிரைவர் கதவு திறந்து மூடும். அதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கலாம் என்பதில் எனக்கும் மாமனுக்கும் தகராறு இருந்தது.

மாமன் என்றால் அம்மாவின் தம்பி. கோயமுத்தூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தவர். ஒருநாள் பிரஷ்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, இனிமேல் சொந்தமாகப் பாடி கட்டப்போவதாகச் சொன்னார். அதுவரை அவர் தனியாக ஒரு கட்டை வண்டிக்குக்கூட அச்சு மாட்டியதில்லை. அப்பா வாக்குவாதம் செய்யவில்லை. மாடுகளை அவிழ்த்துப் புளியமரத்தடியில் கட்டிவிட்டுக் கொட்டகையை ஒரு வருஷத்துக்குக் கொடுத்தார். தை பிறப்பதற்குள் கட்ட ஒரு பஸ்ஸாவது கிடைக்க வேண்டும்; கிடைக்காவிட்டால் மாடு கொட்டகைக்கும் மாமன் வயலுக்கும் வந்துவிட வேண்டும். இதுதான் ஒப்பந்தம். கார்த்திகை முடியும்வரை மாடுகள் நனைந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் ஏலப்பாறைக்காரர் ஒருவர் அகப்பட்டார். அங்கே பெரிய மளிகைக் கடை வைத்திருந்தவர்; அரிசிக்காகக் கொல்லங்கோட்டு மில்லுக்கு வந்துபோகிறவர். எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஓட்ட ஒரு பஸ் வாங்கப்போகிறார் என்று மில்லில் பேச்சு. இரண்டு பெரிய பட்டறைகள் அவருக்குக் காகிதத்தில் படம் போட்டு அனுப்பியிருந்தன. மாமன் அவரிடம் நேரில் போய், படத்தில் ஏறி உட்கார முடியாது, நான் பஸ்ஸையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டடி பஸ்ஸிலும் ஏறி உட்கார முடியாது என்பதை அவரும் கேட்கவில்லை, மாமனும் சொல்லவில்லை.

கடைக்காரர் முருக பக்தர். பஸ்ஸின் இரண்டு பக்கமும் மயில் இருக்க வேண்டும் என்றார். பெருவிரல் நகம் அளவுக்கு மயில் வரைய மாமனுக்குக் கை வராது. ஆனால் கோயமுத்தூரில் தையல் மிஷினிலும் இரும்புப் பெட்டியிலும் ஒட்டுகிற டிரான்ஸ்பர் படங்கள் விற்றன. அதில் மயில் இருந்தது, ஓரத்தில் ஓடத் தங்கக் கொடியும் இருந்தது. காகிதத்தைத் தண்ணீரில் ஊற வைத்தால் படம் மட்டும் ஈர ஆடை போல நழுவி வரும்.

அதை அப்படியே பெயிண்டின்மேல் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு மரத்துண்டில் எனக்குச் செய்து காட்டினார். பெயிண்ட் நம் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் அதில் மணல்போலச் சொரசொரப்பு உண்டு. படத்துக்கு அடியில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்ததும் மயிலைச் சுற்றித் தேமல் போல ஒரு வெளுப்பு. அதனால் முதலில் நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. அது காய்ந்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்ததும் படம். படம் காய்ந்ததும் மறுபடி வார்னிஷ்.

“அடியில ஒரு கண்ணாடி, மேல ஒரு கண்ணாடி. மயிலு நடுவுல மாட்டிக்கும் அம்முணி. அப்பறம் அந்த முருகனே வந்து கூப்புட்டாலும் எறங்கி வராது” என்றார்.

படத்தை நழுவவிட்டு இடம் பார்த்து நிறுத்துகிற வேலை என்னுடையது. ஒட்டிக்கொள்வதற்கு முன் நாலைந்து மூச்சு நேரம் அது தண்ணீரில் மிதக்கும். அதற்குள் ஈரப் பிரஷ்ஷால் தள்ளி நேராக்க வேண்டும். என் விரலுக்கு அது நன்றாக வந்தது. ஒரே ஒரு சங்கடம்: கடையில் கிடைத்த மயில்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தவை. பஸ்ஸின் ஒரு பக்கத்தில் மயில் முன்னால் பார்த்தது, மறுபக்கத்தில் பின்னால் பார்த்தது. ஒரு மயில் போகிற வழியைப் பார்க்கும், இன்னொன்று வந்த வழியைப் பார்க்கும் என்று மாமன் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். கடைசிவரை அதை யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் வார்னிஷ்ஷுக்கு ஒரே எதிரி காற்று. மார்கழியில் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று இறங்கினால் தென்னை மட்டை, வைக்கோல், செம்மண் எல்லாம் அதோடு வரும். ஈர வார்னிஷ்ஷில் ஒரு தூசி விழுந்தால் அது அம்மைத் தழும்புதான். மாமன் கொட்டகைக்கு நாலு பக்கமும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பூசுவார். தூசி இல்லாத ஓர் ஊர் இருந்தால் அங்கே போய்ப் பட்டறை வைப்பேன் என்பார்.

பஸ் முடிந்ததும் அதற்கென்று ஒரு மரப்பெட்டி செய்து, உமியும் துணியும் அடைத்து, ஏலப்பாறைக்குப் புறப்பட்டார். பள்ளிக்கூடம் லீவு. என்னையும் கூட அனுப்பியது அம்மா. பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று மாமன் கேட்டிருந்தார். அம்மாவின் கணக்கு வேறு.

“இவனத் தனியா உட்டா வழியில எவன்கிட்டயாச்சும் வாய் கொடுத்து நிப்பான். புள்ள கூட இருந்தா அடக்கமா இருப்பான்” என்று அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து மாமனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறிப் போனோம். கம்பம் தாண்டி மலை ஏறும்போது, பஸ் இன்னும் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆசை எனக்கு வந்துவிட்டது. மூடியை விலக்கிக் கையை உள்ளே விட்ட நேரம் வண்டி ஒரு வளைவில் திரும்பியது. என் கண்ணாடி வளையல் பஸ்ஸின் பக்கவாட்டில் சர்ரென்று இழுத்தது. தங்கக் கொடிக்கு மேலே, மயிலுக்குக் கொஞ்சம் முன்னால், தலைமுடி போல ஒரு வெள்ளைக் கோடு.

குமுளிவரை பொறுத்திருந்து, பிறகு அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். மாமன் பஸ்ஸை வெளிச்சத்தில் சாய்த்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“வளையலுதான கீறுச்சு. நானென்னமோ மயிலு பறந்து போச்சோன்னு பாத்தேன்” என்றார். ஒரு பூச்சு மேலே இழுத்தால் கோடு உள்ளே அமுங்கிவிடுமாம். அதற்காகவே ஸ்பிரிட்டில் அரக்கு கரைத்த வார்னிஷ் ஒரு புட்டி கொண்டுவந்திருந்தார். செக்போஸ்டில் அதை முகர்ந்துபார்த்த சிப்பாய் சாராயம் என்றே முடிவுகட்டிவிட்டார். மாமன் பிரஷ்ஷை எடுத்துத் தன் இடது கைப் பெருவிரல் நகத்தில் பூசிக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். அந்த நகம் ஒரு வாரம் பளபளத்தது.

ஏலப்பாறையில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் அறை கிடைத்தது. விடிந்ததும் மாமன் ஜன்னலைத் திறந்தார். நான் அப்படி ஒரு காலையைப் பார்த்ததில்லை. காற்று அசையவில்லை. தூசி என்ற பேச்சே இல்லை. எதிரே இருந்த தேயிலைச் சரிவு பனியில் வெள்ளையாக மறைந்திருந்தது. மாமன் சாமி வந்தவர் போல நின்றார். இவ்வளவு காலமும் தேடிய ஊர் இதுதான் என்றார். ஜன்னலை விரியத் திறந்துவைத்து, பஸ்ஸை அதன் முன்னால் நிறுத்தி, ஒரே இழுப்பில் ஒவ்வொரு பக்கமாகப் பூசினார். அரக்கு வார்னிஷ்ஷில் பிரஷ் அதே இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது; போனால் அடியில் இருக்கும் மயில் கரையும். திரும்பவில்லை. கோடு மறைந்துவிட்டது.

பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வெளுத்தது. முதலில் கூரை, அப்புறம் பக்கங்கள். பாலாடை படிவது போல இருந்தது. சிவப்பு மங்கியது. தங்கக் கொடி மங்கியது. இரண்டு மயிலும் காணாமல் போயின. பனியின் ஈரம் வார்னிஷ்ஷுக்குள் புகுந்து இப்படிச் செய்யும் என்பது மலையில் இருக்கிற தச்சனுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கணவாய்க்காரர்களுக்குத் தெரிந்த பகை தூசி ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் வீட்டு ஆள் வந்து கூப்பிட்டார். முதலாளி ஒரு மணி நேரத்தில் கோட்டயம் புறப்படுகிறாராம். அங்கே ஒரு பட்டறையில் பேசி முடிக்கப்போகிறாராம். காட்ட வேண்டியதை இப்போதே காட்ட வேண்டுமாம்.

மாமன் ஒரு நிமிஷம் பஸ்ஸைப் பார்த்தார். துண்டை உதறி அதன்மேல் போட்டார். “வா அம்முணி” என்றார். வழியெல்லாம் சீட்டி அடித்துக்கொண்டு வந்தார். எனக்குப் பயம் போய்விட்டது.

கடைக்காரர் மப்ளர் சுற்றிக்கொண்டு கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டியில் கரி சிவந்து கிடந்தது. மாமன் துண்டை எடுத்தார். கடைக்காரர் குனிந்து பார்த்தார். உள்கதவருகில் நின்ற அவர் மனைவிதான் பேசினார்.

“என்ன தம்பி, பஸ்ஸ மாவுல முக்கி எடுத்துட்டு வந்திருக்கீரு?”

“இது உங்கூரு காலைல ஆறு மணி பஸ்ஸுங்க. பனியில வருது” என்றார் மாமன், கொஞ்சமும் தடுமாறாமல். “பத்து மணிக்கு எப்படி வரும்னு இப்பக் காட்டறனுங்க.”

கணப்புச் சட்டிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார். பஸ்ஸைத் தூக்கியவர், ஏதோ நினைத்துக்கொண்டவர் போல என் பக்கம் திரும்பினார்.

“நீ போயி வாசப்படிக்கு அந்தப் பக்கம் நில்லு. கதவத் தொறந்தே வெய்யி.”

நான் நகரவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது குரலில் சிரிப்பு இல்லை. போனேன். வெளியே குளிரில் நின்றுகொண்டு திறந்த கதவு வழியாகத்தான் மீதியைப் பார்த்தேன்.

மாமன் பஸ்ஸின் இரண்டு முனையையும் பிடித்துக் கரிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் அப்பளம் வாட்டுவது போல மெதுவாகத் திருப்பினார். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மாமன் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார். அப்போது முன் மூக்கில் ஓர் இடத்தில் சிவப்பு தெரிந்தது. அது பரவியது. கூரை தெளிந்தது, தங்கக் கொடி ஓர் ஓரத்தில் தொடங்கி இன்னோர் ஓரம்வரை ஓடி வந்தது. கடைசியாக, வெள்ளைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டு மயில் வந்தது. கடைக்காரர் மனைவி தன்னை அறியாமல் இரண்டு எட்டு முன்னால் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் பஸ்ஸை வாங்கி மடியில் வைத்தார். டிரைவர் கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

“பனி போறதெல்லாம் சரிதான்” என்றார். “வண்டிக்குள்ள ஏறுற பனிக்கு என்ன செய்வீரு? எஸ்டேட் லயத்துப் பிள்ளைக குளிருல வரும்.”

ஜன்னல்களுக்குச் சுருட்டி இறக்குகிற கான்வாஸ், இரட்டைத் துணி, ஓரத்தில் தோல் வார் என்று மாமன் சொல்லிக்கொண்டே போனார். கடைக்காரர் கோட்டயம் போகவில்லை.

“தை பொறக்கவும் சேஸிஸ் வருது. ஒம்ம கொட்டகைக்கே விடச் சொல்லுதேன்” என்றார்.

மாடுகள் புளியமரத்தடியிலேயே தங்கின. அப்பா அவற்றுக்குத் தனியாக ஒரு கூரை போட்டார். மாமன் அதன்பிறகு எத்தனையோ பஸ் கட்டினார். அந்தக் காலையின் கதையை ஊரெல்லாம் சொன்னது நான்தான். மாமன் வேண்டுமென்றே பஸ்ஸைப் பனியில் வெளுக்கவைத்து, வேண்டுமென்றே நெருப்பில் தெளியவைத்தார் என்று சொல்வேன். அவர் பக்கத்தில் இருந்தால் சிரிப்பார், திருத்தமாட்டார். கதை முடிவில் என் புகாரையும் தவறாமல் சேர்த்துக்கொள்வேன்: எல்லோரும் கிட்டே நின்று பார்த்தபோது, வளையல் கீறியதற்குத் தண்டனையாக என்னை மட்டும் வாசலுக்குத் துரத்திவிட்டார்.

போன மாதம் எங்கள் சமையலறையில் பம்பு ஸ்டவ் சீறிக்கொண்டு ஆளுயரத்துக்கு எரிந்தது. என் மகன் பக்கத்தில் நின்றிருந்தான். தபால்காரர் வந்திருக்கிறார், வாசலில் போய்ப் பார் என்று நான் சொன்னேன். அவ்வளவு சாதாரணமான குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவன் போனான். ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். தபால்காரர் வரவே இல்லை என்றும், நெருப்பைப் பார்க்கவிடாமல் ஏமாற்றிவிட்டேன் என்றும் அவனுக்கு இன்னும் கோபம். நான் அதன்பிறகு அந்த ஸ்டவ்வைப் பற்றவைக்கவே இல்லை.

பூசி ஒரு மணி நேரம்கூட ஆகாத ஸ்பிரிட் வார்னிஷ்ஷைத்தான் மாமன் கரி நெருப்புக்கு மேலே பிடித்திருந்தார். தெளியுமா பற்றுமா என்று அவருக்குத் தெரியாது.

அன்று கடைக்காரர் வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்தோம். மாமன் சாலையோரத்துக் கலுங்குச் சுவரில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, மலைப்பாதை வளைவு தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். மாமனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு அல்லவா. எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்ததையும் பெருமையாகச் சொன்னேன்.

அவர் வாந்தி எடுத்தபோது நாங்கள் இன்னும் திரும்பும் பஸ்ஸில் ஏறியிருக்கவே இல்லை.