மஞ்சளில் தொடங்காத சீட்டு

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில் ஐம்பது இலைக்கு மேல் போடவில்லை என்ற மனத்தாங்கல் உறவினர்கள் சிலருக்கு இன்னும் இருப்பதை அறிவேன். மூத்த பிள்ளை என்ற முறையில் அதற்கான பதிலையும் இந்த நினைவு மலரிலேயே சொல்லிவிடுகிறேன். மனதில் வைத்துக்கொண்டு கும்பிடுவது எனக்கு வராது.

அம்மா செக்கானூரணிக்கு மேற்கே, மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கப்பலூரில் லேத் வேலை பார்த்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு அவனியாபுரத்து வாடகை வீட்டுக்கு வந்தார். அப்பாவின் சம்பளம் மாதம் பிறந்தபின்தான் கைக்கு வரும். அது எதற்கெல்லாம் போகவேண்டும் என்பது அதற்கு முன்பே அம்மாவின் பலசரக்குச் சீட்டில் முடிவாகியிருக்கும்.

மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம் சீட்டு எழுதும் நேரம். நான் எழுதுவேன். தம்பி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பான். அம்மா மூடியைத் திறந்து பார்க்க மாட்டார். காதருகே வைத்துக் குலுக்கிவிட்டு, "கடுகு வேணாம். சீரகம் அம்பது எழுது" என்பார். கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை. எந்தச் சாமானையும் தீர்ந்துபோயிற்று என்று சொல்லக் கூடாது, "நெறஞ்சிருச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். காலி உப்பு ஜாடியைக் கவிழ்த்துக் காட்டி "ஒண்ணுமே இல்லம்மா" என்று சொன்ன தம்பி முதுகில் ஒன்று வாங்கினான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், சீட்டின் முதல் வரி மஞ்சள். வீட்டில் நான்கு பொட்டலம் கிடந்தாலும் முதல் வரி மஞ்சள்தான். "கடையில இருக்கறதவிட நம்ம வீட்டுலதான் மஞ்சள் அதிகம்" என்று அப்பா கேலி செய்வார். துக்க காரியத்துக்கு எழுதும் சீட்டுதான் மஞ்சளில் தொடங்காது. அதில் முதல் வரி எள்.

அந்தச் சீட்டு நான் பன்னிரண்டாவது படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தது. வேலைக்குப் போன அப்பாவை மாரடைப்பு கொண்டுபோயிற்று. சித்தப்பா சொல்லச்சொல்ல நான்தான் எழுதினேன். அம்மா மூலையில் சுருண்டு கிடந்ததால் அதில் அவர் சொல் ஒன்றுகூட இல்லை. தெருவுக்கே சாப்பாடு போட்டோம். பெருமையாகத்தான் இருந்தது. அத்தனையும் மாதச் சாமான் வாங்கும் அண்ணாச்சி கடையில் கடன்.

அடுத்த மாதச் சீட்டுக்கு உட்கார்ந்தபோது உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "இனி உனக்கெதுக்கு மதினி மஞ்சளு?" என்றார். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மஞ்சளு எனக்கில்ல. வீட்டுக்கு. நீ எழுதுத்தா" என்றார் என்னிடம்.

அந்தக் கடனை அடைக்க, அம்மா கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். சீட்டிலிருந்து நல்லெண்ணெய் போயிற்று, காப்பித்தூள் போயிற்று, கடைசியில் என் கல்லூரியும் போயிற்று. ஊருக்குப் போட்ட சாப்பாட்டில் என் படிப்பையும் சேர்த்துத்தான் பரிமாறினோம். அம்மா இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கல்லூரிப் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்பதைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவார்.

எனக்குத் திருமணமாகி ஒத்தக்கடைக்குப் போனபிறகும் மாதக் கடைசி ஞாயிறு பஸ் ஏறி வந்து சீட்டு எழுதிக் கொடுப்பேன். தம்பி கல்லூரியில் சேர்ந்திருந்தான். வீட்டில் அவனும் அம்மாவும் மட்டும்தான். ஒரு மாதம், "வத்தல பாதியாக்கு, காரம் சேர மாட்டேங்குது" என்றார் அம்மா. அடுத்த மாதம் புளியைக் குறைத்தார். அதற்கடுத்த மாதம் ஜவ்வரிசி சேர்ந்தது. கஞ்சி மட்டும்தான் தொண்டையில் இறங்கியது. அப்புறமெல்லாம் சீட்டு எழுத பஸ் ஏறும்போதே எனக்குப் பயம் வந்துவிடும். இந்த மாதம் எதைக் குறைக்கச் சொல்வாரோ என்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் தம்பியையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நோய் வைத்தியத்தின் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். 'வயித்துப் புண்ணு, ஆறிரும்' என்றோம். அம்மாவும் சரி சரி என்று தலையாட்டினார்.

அதற்குப் பின் வந்த ஞாயிறு, கட்டிலில் சாய்ந்திருந்தார். டப்பாவைத் தூக்கக் கையில் பலமில்லை. தம்பிதான் அவர் காதருகே குலுக்கிக் காட்டினான். நான் பழக்கத்தில் "மஞ்சள்" என்று எழுதப் போனேன்.

"இரு. மொதல்ல எள்ளுன்னு எழுது."

பேனா நின்றுவிட்டது. தம்பி கையிலிருந்த டப்பாவும் நின்றுவிட்டது.

"என்னம்மா பேசுற? மஞ்சளச் சொல்லு" என்றேன்.

"மஞ்சளு அடுத்த சீட்டுல. இன்னைக்கி ரெண்டு சீட்டு எழுதணும். ரெண்டு பேரும் வெளிய நின்னு டாக்டர்ட்ட பேசிட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வந்தா எனக்குத் தெரியாதாக்கும்? எழுதுத்தா. எள்ளு, பச்சரிசி, துவரம்பருப்பு. அம்பது எலைக்குத்தான் கணக்கு. அதுக்கு மேல ஒரு அப்பளம்கூடப் பொரிக்கக் கூடாது."

"ஊரு என்னம்மா சொல்லும்?"

"ஊரு சாப்புட்டுட்டுப் போயிரும். ஒரு புள்ள படிப்பப் பறிகொடுத்துட்டேன். இவன் ஃபீஸ் காசுல என் காரியத்துக்காக எவனும் கை வைக்கக் கூடாது. கேட்டா, அவளே போட்ட கணக்குன்னு சொல்லு."

அழுதுகொண்டே எழுதினேன். தம்பி அழவில்லை. ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துக் குலுக்கிக் காட்டிக்கொண்டே இருந்தான். இரண்டாவது சீட்டையும் எழுதி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இரண்டையும் மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு அம்மா கண்ணை மூடினார். அன்று நன்றாகத் தூங்கினார். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.

சித்தப்பா முதலில் கோபப்பட்டார். "அண்ணன் வீட்டுல அம்பது எலையா?" என்று குரலை உயர்த்தினார். "அம்மாவே போட்ட கணக்கு" என்று சீட்டை நீட்டினேன். முதல் வரியிலேயே அவர் கண் நின்றுவிட்டது. அப்புறம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த ஐம்பது இலைக்கும் அவரே பரிமாறினார். அவருக்கும், அம்மா படுத்த நாள்முதல் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், தோள்கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. இந்தக் கடனை மட்டும் அம்மா ஒத்துக்கொள்வார். தம்பியின் ஃபீஸ் குறித்த நாளில் கட்டப்பட்டது.

காரியம் முடிந்த பிறகு இரண்டாவது சீட்டை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் கடைக்குப் போனோம். முதல் வரி மஞ்சள். அண்ணாச்சி வாசித்தபடியே ஒவ்வொன்றாகக் கட்டினார். அரிசிக்கு மட்டும் சீட்டைப் பார்க்கவில்லை. அம்மாவும் தம்பியும் இருந்த வீட்டுக்கு மாதாமாதம் பதினைந்து கிலோ என்று அவர் கைக்கே தெரியும். பதினைந்தை நிறுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, பத்துதான்" என்றேன்.

சீட்டு எழுதிய அன்றைக்கு நானும் அம்மாவிடம் அதைத்தான் கேட்டிருந்தேன், அரிசி பதினைந்துதானே என்று. "ஒத்த ஆளுக்கு எதுக்கு அம்புட்டு? வண்டு விழுந்துரும்" என்று சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். நிறுத்த அரிசியில் ஐந்து கிலோவை அள்ளி மூட்டைக்குள் திரும்பக் கொட்டினார். பதினாறு நாளும் அழாத தம்பி அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதான்.